ரெண்டாம் நம்பர் காயிதம்

உக்காருங்க தம்பி. அந்தப் பையை மடியில வச்சுக்கிட்டு ஏன் சிரமப்படுதிய, இங்க நடுவுல வைங்க. ஆலங்கரைக்குத்தான டிக்கெட் எடுத்திய? கண்டக்டர்ட்ட சொன்னது காதுல விழுந்துச்சு. நானும் அங்கதான். மூணு நாள் லீவு. ரெண்டு மணி நேரம் போவணும், பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் கெடச்சுதேன்னு சந்தோஷமா இருக்கு. நான் இருக்கிற செக்போஸ்ட்ல பேச ஆளே கெடையாது பாத்துக்கிடுங்க. ஒரு கம்பு, ஒரு நோட்டு, ஒரு நாயி. அந்த நாயும் லாரி வந்தாத்தான் கண்ணு முழிக்கும்.

ஆமா, போலீஸ்தான். ஏட்டு பரமகுருன்னா ஆலங்கரையில சின்னப் பிள்ளையும் சொல்லும். மாத்தலாகிப் போயிப் போயித் திரும்பி வந்து மொத்தம் பன்னிரண்டு வருஷம் அங்க ஸ்டேஷன் ரைட்டரா இருந்தவன். இப்ப மலையடிவாரத்துல கம்பைத் தூக்கி இறக்கிக்கிட்டு இருக்கேன். ஏன் மாத்தினாவ தெரியுமா? லஞ்சம் வாங்கினேனா, இல்ல. யாரையும் அடிச்சேனா, அதுவும் இல்ல. ஒரு பையனுக்குக் கை உடையல்ல. அதான் காரணம். ஒரு பையன் கை நல்லா இருந்ததுக்காகப் போலீஸ்காரனைத் தூக்கிப் போட்ட கதை வேற எங்கயாவது கேட்டிருக்கியளா?

சிரிக்காதிய. முதல்ல இருந்து சொல்லுதேன்.

ரைட்டர்னா கதை எழுதுறவன் இல்ல தம்பி. வாக்குமூலம், எஃப்.ஐ.ஆர்., ரிமாண்ட் ரிப்போர்ட்டு எல்லாம் எழுதுறவன். இன்ஸ்பெக்டர் வருவாவ, போவாவ. கையெழுத்து மட்டும்தான் அவங்களது. மிச்சமெல்லாம் நான்தான். சின்னப் பயலுவ கேஸே மாசத்துக்கு நாலஞ்சு வரும். ஒவ்வொண்ணையும் புதுசா டைப் அடிச்சா மனுசன் எப்பச் சாப்பிட, எப்பத் தூங்க? கம்ப்யூட்டர் வந்ததும் ரெண்டு காயிதம் அடிச்சு உள்ள போட்டு வச்சுட்டேன். பேரையும் தேதியையும் மாத்தினாப் போதும்.

ஒண்ணாம் நம்பர் காயிதம் அரைப் பக்கம். 'வயது பதினாறு. நற்குடும்பத்தைச் சேர்ந்தவர். படிப்புச் சுமையால் ஏற்பட்ட மன அழுத்தத்தில் விளையாட்டாகச் செய்துவிட்டார். எதிர்காலம் கருதி, அறிவுரை கூறி, பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்டார்.' ரெண்டாம் நம்பர் ரெண்டு பக்கம். 'வயது சுமார் பத்தொன்பது. தீய பழக்கங்கள் உள்ளவன். முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்தான். போலீசாரைக் கண்டதும் தப்பி ஓட முயன்றான்.' அப்படியே போகும். எழுதினவனே சொல்லக்கூடாது, ஆனா படிக்க நல்லாயிருக்கும்.

வயசுதான் தம்பி இதுல முக்கியம். பதினெட்டுக்குக் கீழன்னா இந்த மாதிரிச் சின்னக் கேஸுக்கு எஃப்.ஐ.ஆரே போடக்கூடாதுன்னு சட்டம். பத்தொம்பதுன்னா நேரா சப்ஜெயிலு. சர்ட்டிபிகேட்டா? அதையெல்லாம் வாங்கிப் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? மீசையைப் பாத்தாத் தெரியாதா? காலனிப் பயலுவளுக்கு மீசை சீக்கிரம் முளைச்சிரும். வெயில்ல திரியுதானுவல்லா.

யாருக்கு எந்தக் காயிதம்னு கேக்கியளா? ஊருக்குள்ள இருக்கிற தெருப் பிள்ளையன்னா ஒண்ணாம் நம்பரு. காலனின்னா ரெண்டாம் நம்பரு. அதுக்காக என்னைய சாதி பாக்கிறவன்னு நினைச்சிராதிய. அந்தப் பழக்கமே எங்கிட்டக் கெடையாது. எதுக்குப் பாக்கணும்? ஆளைப் பாத்தாலே தெரிஞ்சிருதே.

அந்த ரெண்டாம் நம்பர் காயிதத்துல கடைசியா ஒரு பத்தி உண்டு. 'மாலை நான்கு முப்பது மணியளவில் காவல் நிலையக் கழிவறைக்குச் சென்றபோது வழுக்கி விழுந்ததில் எதிரியின் வலது கை மணிக்கட்டில் எலும்பு முறிவு ஏற்பட்டது.' எதிரின்னா எங்க பாஷையில பிடிபட்டவன். இந்தப் பத்தி எப்பவும் இருக்கும். கை உடையலேன்னா அழிச்சிருவேன். உடைஞ்சிட்டா அழிக்கிற வேலை மிச்சம். எங்க ஸ்டேஷன் பாத்ரூம் பெருசா ஒண்ணும் இல்ல தம்பி, சொரசொரன்னு சிமென்ட் போட்ட தரைதான். பன்னிரண்டு வருஷமா நானும் போயிருக்கேன், ஒருநாள் வழுக்கினது கெடையாது. இன்ஸ்பெக்டர் ஐயா நல்ல கனமான ஆளு, அவங்களும் போவாவ, அவங்களுக்கும் வழுக்கினது இல்ல. இந்தப் பயலுவளுக்கு மட்டும் எப்பிடித்தான் வழுக்குமோ. கவனமா நடக்கணும்ல.

சரி, விஷயத்துக்கு வாரேன். காலாண்டு லீவு சமயம். எங்க பேரூராட்சியில குப்பை அள்ளுததுக்குப் பேட்டரி வண்டி ஒண்ணு உண்டு. பச்சைக் கலர்ல, ரெண்டு தொட்டி வச்சு. மேல ஒரு ரேடியோக் குழாய். அதுல ஒரு பொம்பளைக் குரல் சொல்லிக்கிட்டே வரும். 'மக்கும் குப்பை, மக்காத குப்பை, தரம் பிரித்துத் தாருங்கள்.' வண்டியை நிறுத்திட்டு டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கான். சாவி வண்டியிலயே இருந்திருக்கு. ரெண்டு பதினொண்ணாங்கிளாஸ் பயலுவ ஏறி உக்காந்து எடுத்துட்டுப் போயிட்டானுவ. சும்மா ஒரு ரவுண்டு அடிக்கலாம்னு.

ஆனா அந்தக் குழாயை எப்பிடி நிறுத்தன்னு ரெண்டு பேருக்கும் தெரியல்ல. வண்டி போகப் போக, 'தரம் பிரித்துத் தாருங்கள்'னு கத்திக்கிட்டே போவுது. அவ்வளவுதான். ஒவ்வொரு வீட்டுலயும் பொம்பளைய வாளியைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்துட்டாவ. நாலு நாளா வராத வண்டில்லா. 'ஏல நில்லு, நில்லு'ன்னு பின்னாலயே ஓடுதாவ. பயலுவ பயந்துபோயி நிறுத்திட்டானுவ. ஒருத்தன் இறங்கி வாங்கிப் போட, இன்னொருத்தன் ஓட்ட. மூணு தெரு முடிச்சுட்டானுவ தம்பி. பள்ளிவாசத் தெருவுல ஒரு கெழவி, 'நாளைக்கும் இதே நேரத்துக்கு வாங்கப்பா'ன்னு சொல்லி ரெண்டு முறுக்கு வேற குடுத்திருக்கு.

திருட்டு வண்டியில போறவன் எவனாவது குப்பை அள்ளுவானா? அள்ளினானுவ. அதுலதான் மாட்டினானுவ. வண்டியைக் காணோம்னு சூப்பர்வைசர் புகார் குடுத்து, நாங்க தேடிக் கெளம்புமுன்ன வண்டியே எங்க ஸ்டேஷன் வாசலுக்கு வந்து நிக்கி. எங்க ஸ்டேஷன்லயும் குப்பை நாலு நாளா கெடந்துச்சு. நம்ம கான்ஸ்டபிள் புள்ளதான் நிறுத்தி ரெண்டு கூடை போட்டுட்டு, பொறவுதான் புகார்ல உள்ள வண்டி இதுதானன்னு யோசிச்சிருக்கு.

ரெண்டு பயலுவளையும் எம் மேசை முன்னால கொண்டாந்து நிறுத்தினாவ. ஒருத்தன் பேரு தர்ஷன், இன்னொருத்தன் பேரு கிஷோர். இந்தக் காலத்துப் பேருல என்ன தெரியுது சொல்லுங்க. நான் ஆளைப் பாத்தேன். கிஷோர்ங்கிறவன் நல்ல செவப்பு. கண்ணாடி போட்டிருக்கான். இஸ்திரி போட்ட சட்டை, அளவெடுத்துத் தைச்ச மாதிரி. கையைக் கட்டிக்கிட்டு, 'மன்னிச்சிருங்க சார்'ங்கான். மத்தவன், தர்ஷன், நல்ல கறுப்பு. ரெண்டு முழங்காலும் கிழிஞ்ச பேன்ட்டு. உடம்பெல்லாம் வாழைப்பழத் தோலு. பையில கையை விட்டுக்கிட்டு என்னையவே பாக்கான். மீசை வேற. எனக்கு எல்லாம் விளங்கிப் போச்சு. வழக்கமா 'ஏல, எந்தத் தெரு'ன்னு ஒரு வார்த்தை கேப்பேன். சர்வீஸ்ல அன்னைக்கு ஒருநாள்தான் கேக்கல்ல. கேக்க என்ன இருக்கு, அதான் கண்ணுல தெரியுதே.

அந்த நேரம் பாத்து இன்ஸ்பெக்டர் ஐயா போன் பண்ணுதாவ. "பரமகுரு, ரைஸ்மில் அருணகிரி முதலாளி மகன் அங்க இருக்கானாம்லா? முதலாளி வேண்டியவரு. பிள்ளையை மரியாதையா வீட்டுல கொண்டு விட்டுரு. மத்தவனை வச்சிரு, நாலு மணிக்கு வந்து நான் விசாரிக்கேன்."

"சரிங்கய்யா."

கிஷோருக்கு ஒரு நாற்காலி போட்டேன். டீயும் பன்னும் வாங்கியாரச் சொன்னேன். "தம்பி, அப்பா போன் பண்ணிட்டாவ, பயப்படாதிய"ன்னேன்.

அவன் முழிக்கான். "சார், எங்க அப்பா போன் பண்ண மாட்டாவ சார். அவங்க துபாய்ல இருக்காவ. மில்லுக்காரர் மகன் அவன் சார்"னு கிழிஞ்ச பேன்ட்டைக் கைகாட்டுதான்.

எனக்கு மனசு குளுந்துபோச்சு தம்பி. கூட்டாளியைக் காப்பாத்த எப்பிடி ஒரு பொய் சொல்லுதான் பாருங்க. நல்ல குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த குணம் வரும். மத்தவனும் சொல்லுதான், "சார், நான்தான் சார் அருணகிரி மகன்." அதுக்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வந்துட்டு. "நீ அருணகிரி மகன்னா நான் கலெக்டரு, பேசாம ஓரமா உக்காரு"ன்னேன். ரெண்டு பேரும் சொன்னது ஒரே விஷயம்தான். ஆனா சொல்லுத ஆள் வேறல்லா.

ஒண்ணாம் நம்பர் காயிதத்துல கிஷோர் பேரைப் போட்டு, ஜீப்புல ஏத்தி, டிரைவர் செல்லப்பாவை விட்டு மில்லுக்காரர் பங்களாவுல இறக்கிட்டு வரச் சொன்னேன். ரெண்டாம் நம்பர் காயிதத்துல தர்ஷன் பேரைப் போட்டு பிரிண்ட்டு எடுத்து மேசையில வச்சேன். வெளியில அந்த வண்டி மட்டும் நிக்காம 'தரம் பிரித்துத் தாருங்கள், தரம் பிரித்துத் தாருங்கள்'ங்கு. நாங்களும் நாலஞ்சு ஒயரைப் புடுங்கிப் பாத்துட்டோம். லைட்டுதான் அணைஞ்சுது. குரல் போகல்ல.

முக்கா மணி நேரம் இருக்கும். அருணகிரி முதலாளி கார்ல வந்து இறங்குதாவ. கூடவே கிஷோரு, கையில பாதி பன்னோட. என்ன நடந்திருக்குன்னா, செல்லப்பா பங்களா வாசல்ல பையனை இறக்கிவிட்டிருக்கான். முதலாளியம்மா வந்து, 'இது எம் பிள்ளை இல்லியே'ன்னிருக்காவ. செல்லப்பா விடுவானா? 'நல்லாப் பாருங்கம்மா, ரைட்டர் ஐயா அனுப்பினது'ன்னு சொல்லி, நோட்டுல கையெழுத்து வாங்கிட்டுல்லா வந்திருக்கான்.

முதலாளி மூலையில உக்காந்திருக்கிற மகனைப் பாத்தாவ. மேசையில கெடந்த காயிதத்தைப் பாத்தாவ. எடுத்து வாசிக்காவ. வாசிக்க வாசிக்க மூஞ்சி மாறுது.

"யாருக்குய்யா வயசு பத்தொம்பது?"

"சுமாருன்னு போட்டிருக்கேன் முதலாளி."

"எவன்யா தீய பழக்கம் உள்ளவன்? எம் மவன் டீ கூடக் குடிக்க மாட்டான்." அடுத்த பக்கத்தைத் திருப்பினாவ. "என்னய்யா இது, வழுக்கி விழுந்து... அய்யோ, எம் பிள்ளைக்குக் கை உடைஞ்சிட்டா?"

"இன்னும் இல்ல முதலாளி."

இது ஒரு தப்பா தம்பி? உள்ளதைத்தான சொன்னேன். அதுக்கு அவங்க ஆடின ஆட்டம் இருக்கே. பதினாறு வயசுப் பிள்ளை இதுன்னாவ. விளையாட்டுப் பிள்ளையன்னாவ. பச்சைப் பிள்ளையைப் பத்தி எழுதுத எழுத்தா இது, நீயெல்லாம் மனுசனா, உனக்குப் பிள்ளை குட்டி கெடையாதாங்காவ. சட்டம்லாம் பேசினாவ. சும்மா சொல்லக்கூடாது, நல்லாவே பேசினாவ. எனக்கே கண்ணு கலங்கிட்டு.

நான் ஒரு டம்ளர் தண்ணி குடுத்து, மெதுவா எடுத்துச் சொன்னேன். "கோவப்படாதிய முதலாளி. இது உங்க மகனுக்கு எழுதினது இல்ல. அந்தா நிக்கானே, அந்தப் பையன்னு நினைச்சு எழுதினது. ஆளு மாறிப்போச்சு."

முதலாளி கிஷோரைத் திரும்பிப் பாத்தாவ. "நீ எந்தத் தெருடே?"ன்னாவ. "காலனி"ன்னான். அவங்களுக்கு மூச்சு சீரா வந்துச்சு. நாற்காலியை இழுத்து உக்காந்தாவ. தண்ணியைக் குடிச்சாவ.

"அப்பிடிச் சொல்லும். நானும் என்னமோன்னு நினைச்சிட்டேன். சரி, பேரை மட்டும் மாத்திருங்க."

அதோட முடிஞ்சிருக்கணும் தம்பி. எவ்வளவு சுமுகமா முடிய வேண்டியது. நானும் கம்ப்யூட்டரைத் தட்ட ஆரம்பிச்சிட்டேன். வெளியில அந்த வண்டிக்காரி குரல் கத்திக்கிட்டே கெடக்கு. கிஷோர் அந்தப் பாதி பன்னை எம் மேசையில வச்சான். "சார், எனக்கு அவனைவிட ரெண்டு மாசம் வயசு கம்மி சார்"னான். பொறவு, "எங்க அம்மா தையக்கடையில இருப்பாவ, ஒரு போன் பண்ணிக்கிடட்டா? ராத்திரி சோறு வைக்க வேண்டாம்னு சொல்லணும்"னான். அழல்ல. அழுதிருந்தா நல்லாயிருந்திருக்கும். நான் அவன் பேரை ரெண்டு தடவை தப்பா அடிச்சேன். மத்தியானம் சாப்பிடலல்லா, அதுதான்.

அப்பத்தான் அந்தக் கிழிஞ்ச பேன்ட்டு எந்திரிச்சான். மேசையில கெடந்த காயிதத்தை எடுத்தான். யாரையும் பாக்கல்ல. விறுவிறுன்னு பாத்ரூமுக்குள்ள போயித் தாப்பாளைப் போட்டுட்டான். உள்ள வாளித் தண்ணியைத் தரையில கொட்டுற சத்தம் கேக்கு.

"எப்பா," உள்ள இருந்து கத்துதான், "அவன் பேரை மாத்தினா நான் வழுக்கி விழுந்துருவேன்."

முதலாளி எழுந்து ஓடினாவ. "மக்கா, கதவைத் தொற."

"சோப்புப் போட்டு வச்சிருக்கேன். ஒத்தைக் கால்ல நிக்கேன்."

இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு வேண்டியவரோட ஒரே மகன், ஸ்டேஷன் பாத்ரூம்ல, ஒத்தைக் கால்ல, சோப்பு மேல. எனக்கு வேர்த்துக் கொட்டுது. பன்னிரண்டு வருஷமா அந்த பாத்ரூமை நினைச்சு நான் பயந்ததே கெடையாது தம்பி. அன்னைக்குத்தான் பயந்தேன். செல்லப்பாவை ஓடிப்போயி கோணிச்சாக்கு எடுத்துட்டு வரச் சொன்னேன். எப்பிடி விரிக்க? கதவு பூட்டியிருக்கு.

கிஷோர் கதவுக்கிட்டப் போயி நிக்கான். "ஏல, வலது கை வேண்டாம்ல. அரையாண்டு வருது."

"காயிதத்துல வலதுன்னுதாம்ல போட்டிருக்கு."

"அப்ப இடதுன்னு மாத்திரச் சொல்லட்டா?"

ரெண்டு பேரும் சிரிக்கானுவ தம்பி. கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன், இந்தப் பக்கம் ஒருத்தன். பெரிய மனுசங்க நாங்க நாலு பேரு கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கோம், இவனுவளுக்குச் சிரிப்பு.

முதலாளிதான் கடைசியில, "யோவ் ரைட்டரு, என்னமும் எழுதித் தொலையும்யா, எம் பிள்ளை வெளிய வந்தாப் போதும்"னாவ. ஒண்ணாம் நம்பர் காயிதத்தை ரெண்டு காப்பி எடுத்தேன். ஒண்ணுல அருணகிரி மகன் தர்ஷன். இன்னொண்ணுல கிஷோரு. 'வயது பதினாறு. நற்குடும்பத்தைச் சேர்ந்தவர். எதிர்காலம் கருதி.' கதவு இடுக்கு வழியா உள்ள தள்ளினேன். அவன் வாசிச்சுப் பாத்துட்டுத்தான் தாப்பாளை எடுத்தான். காலனிப் பையன்னு தெரிஞ்சும் ஒண்ணாம் நம்பர் காயிதம் அடிச்சது எங்க ஸ்டேஷன்ல அதுதான் மொதத் தடவை. பிரிண்ட்டரே ரெண்டு தடவை மக்கர் பண்ணிச்சு. கிஷோரோட அம்மா தகவல் தெரிஞ்சு தையக்கடையில இருந்து கத்திரிக்கோலும் கையுமா ஓடி வந்துச்சு. மகனோட வலது கையைப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. அதுக்கு எப்பிடி வலது கைன்னு தெரியும்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல்ல.

சரி, தொலைஞ்சுதுன்னு விட்டுட்டேன். ஆனா அந்தப் பய ரெண்டாம் நம்பர் காயிதத்தை மடிச்சுப் பையில வச்சுட்டுப் போயிட்டான். எல்லாம் கிழிஞ்ச பேன்ட்டுல பை மட்டும் கிழியல்ல. ரெண்டு பேருமாப் போயி அதை சட்ட உதவி வக்கீலம்மாகிட்டக் குடுத்துட்டானுவ. விசாரணை வந்துச்சு. பெரிய அதிகாரி என்னையக் கூப்பிட்டு நிறுத்திக் கேக்காவ. "ஏம்ப்பா, பையன் வழுக்கி விழுந்தது நாலரை மணின்னு எழுதியிருக்க. கீழ பிரிண்ட்டு எடுத்த நேரம் பன்னிரண்டு பத்துன்னு இருக்கு. நாலரைக்கு விழப்போறான்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அனுபவம்ங்கய்யா"ன்னேன்.

அந்த வார்த்தைக்குத்தான் இந்த செக்போஸ்ட்டு. இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு ஒண்ணும் இல்ல, அவங்க அங்கயேதான் இருக்காவ. நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க தம்பி. அன்னைக்கு அந்தக் கை உடைஞ்சிருந்தா காயிதம் சரியா இருந்திருக்கும். ஒரு கேள்வி வந்திருக்காது. கிளம்புமுன்ன புது ரைட்டர்ட்ட ரெண்டு காயிதத்தையும் பென்டிரைவ்ல போட்டுக் குடுத்துட்டுத்தான் வந்தேன், நம்ம உழைப்பு வீணாகக் கூடாதுல்லா. கெட்டிக்காரப் பையன் அவன். பாத்ரூமை எடுத்துட்டு, 'பாலத்திலிருந்து குதித்து'ன்னு மாத்தியிருக்கானாம். நேரத்தையும் காலியா விட்டிருக்கானாம்.

எங்கிட்ட உள்ள தப்பு ஒண்ணே ஒண்ணுதான், அதை நான் ஒத்துக்கிடுதேன். அன்னைக்கு எந்தத் தெருன்னு கேக்காம விட்டது. கண்ணாடியையும் இஸ்திரிச் சட்டையையும் நம்பினது. இப்பல்லாம் செக்போஸ்ட்ல எவன் வந்து நின்னாலும் முதக் கேள்வி அதுதான். கேட்டுட்டா எந்தக் குழப்பமும் வராது பாருங்க.

அட, இவ்வளவு நேரம் பேசிக்கிட்டு வாரோம், உங்ககிட்டயே நான் கேக்கல்ல. கண்ணாடியும் லேப்டாப் பையுமா இருக்கிய, பாத்ததுமே நல்ல இடத்துப் பிள்ளைன்னு தெரிஞ்சுபோச்சு, அதான் இடம் போட்டேன். ஆலங்கரையில எந்தத் தெரு தம்பி?

என்ன, பையை எடுக்கிய? எங்க எந்திரிக்கிய? ஆலங்கரைக்கு இன்னும் ஏழெட்டு ஸ்டாப் கெடக்கே.